வெள்ளம் வடிந்தபின் எழும் கணக்கு

2015ஆம் ஆண்டின் இறுதியிலே கடலூர், சிதம்பரம் வட்டாரங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. மாணவர்களே, இத்தகைய வெள்ளம் வடிந்ததும் செப்பனிடும் கூலியைப் பற்றிய வழக்குகள் முளைப்பது ஏன்?

நனைந்த கடைச் சுவருக்குக் கொத்தனார் புதுப் பூச்சின் விலையை எழுதுகிறார். காப்பீட்டு மதிப்பீட்டாளரோ பழைய பூச்சின் தேய்மானத்தைக் கழிக்கிறார். தத்தம் அளவில் இருவர் கணக்கும் சரியே! மேலும், 10 இலட்சம் ரூபாய் பெறுமானமுள்ள சரக்கை 5 இலட்சத்துக்கே காப்பீடு செய்தவருக்கு, 1 இலட்சம் நட்டமானால் பாதியே கிடைக்கும். இதனை அநீதி என்பாருளர். கட்டணத்தையும் அவர் குறைத்தன்றோ செலுத்தினார்? ஆயினும், பத்திரம் விற்கும்போதே இவ்விதியை விளக்காமை குறையே.

"சுவர் வேலை, மொத்தம் இவ்வளவு" என்னும் ஒற்றைவரிச் சீட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம் எங்ஙனம் சீர்தூக்கும்? சதுர அடி, சிமெண்டு மூட்டை, ஆட்கூலி ஆகியவை தனித்தனியே வேண்டும். பூசுமுன், சுவரில் நீர் நின்ற கறையின் உயரத்தையும் அளந்து, இரு தரப்பாரும் கையொப்பமிடலாம்.