தண்டவாளத்துக்கும் ஓர் இரட்டைப் பிறவி

ஷா ஆலம் நிலையத்தில் கொம்யூட்டர் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், கொள்கலன்களைச் சுமந்த சரக்கு ரயில் கடந்து போவதைப் பார்த்திருப்பார்கள். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கும் வேலைக்குப் போகும் மக்களுக்கும் பாதை ஒன்றுதான். ஒரு சக்கரம் பழுதானால் இரண்டும் நிற்கும். அந்தப் பழுதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

உண்டு என்கிறது 'டிஜிட்டல் இரட்டை' எனும் தொழில்நுட்பம்.

அது என்ன இரட்டை?

ரயிலுக்கும் பாதைக்கும் கணினிக்குள் உருவாக்கப்படும் நகல் அது. வெறும் வரைபடம் அல்ல. பேரிங்கின் வெப்பம், சக்கரத்தின் அதிர்வு, தண்டவாளத்தின் சூடு ஆகியவற்றைக் கருவிகள் அளந்து அனுப்ப அனுப்ப, நகலும் மாறிக்கொண்டே இருக்கும். உதாரணமாக, 30 பாகை செல்சியஸ் சூடேறினால் 1 கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 34 செண்டிமீட்டர் நீள முயலும். நீள இடமில்லாவிட்டால் வளையக்கூடும். எந்த இடத்தில் இந்த ஆபத்து நெருங்குகிறது என்பதை நகலில் முதலிலேயே கணக்கிடலாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

2023 பிப்ரவரி 3 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்தீன் எனும் சிற்றூரில் சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. ரசாயனப் பெட்டிகளும் அவற்றில் இருந்ததால் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. காரணம், சூடேறிய ஒரே ஒரு பேரிங்!

வழியில் 3 கருவிகள் அதை அளந்திருந்தன. சுற்றுப்புற வெப்பத்தைவிட முதலில் 21 பாகை கூடுதல், அடுத்து 57, கடைசியில் 141. முதல் இரண்டும் எச்சரிக்கை எல்லையைத் தொடவில்லை. மூன்றாவது கருவியோ சுமார் 31 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கு மணி அடித்து, பிரேக் போட்டும் பயனில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் 57 ஆபத்தான எண் அல்ல. 21 ஆக இருந்தது 57 ஆனது என்று சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். இரட்டை செய்வது அந்த வேலையைத்தான். ஆனால், இடையில் கருவியே இல்லாத தூரத்தில் இரட்டைக்கும் கண் தெரியாது.

நடந்து பார்த்த கண்கள்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை 1886இல் திறக்கப்பட்டது இந்தப் பாதை. இந்நாட்டு ரயில் பாதைகளைப் பேணியவர்களில் தமிழர்கள் ஏராளம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளே அதற்குச் சாட்சி. தண்டவாளத்தின் மேல் நடந்த தொழிலாளி, நேற்று பார்த்ததை இன்று பார்ப்பதோடு ஒப்பிட்டே பழுதைக் கண்டார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த அனுபவமும் அவரோடு போய்விட்டது.

ஆகவே, கருவிகளை வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதாது. எந்த வளைவில் மழைக்கு மண் இளகும் என்பதை அறிந்தவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்வதும் கணினியில் ஏற வேண்டும். இல்லையேல் இரட்டை பிறக்கும். ஆனால் அதற்கு நினைவு இருக்காது.