சம்பளம் ஏறினா சிபில் ஸ்கோர் ஏறாது! ரிப்போர்ட்டுக்குள்ள எதைப் பார்க்கணும்?

கை நிறைய சம்பளம், பேங்க்ல எஃப்டி, ஆனா ஹோம் லோன் ரிஜெக்ட். இது எப்படி நடக்குதுன்னு நிறைய பேருக்குப் புரியறதில்லை. காரணம் சிம்பிள்: உங்க சம்பளமும் சேமிப்பும் கிரெடிட் ஸ்கோர் கணக்குக்குள்ளயே வராது. சம்பளத்தை பேங்க் தனியா பார்க்கும். வாங்கின கடனை எப்படிப் பயன்படுத்துறீங்க, எப்படித் திருப்பிக் கட்டுறீங்க என்பதைத்தான் ஸ்கோர் முக்கியமா பார்க்கும்.

300-ல இருந்து 900 வரைக்கும் போற அந்த நம்பரை ஆப்ல பார்த்துட்டு மூடிடுறோம். ஆனா விஷயம் நம்பர்ல இல்லை, அதுக்குப் பின்னாடி இருக்குற ரிப்போர்ட்ல இருக்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இந்தியாவுல நாலு நிறுவனங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும். அவங்க வெப்சைட்ல பெய்டு பிளான்தான் முதல்ல கண்ணுல படும். கொஞ்சம் தேடி இலவச லிங்க்கைப் பிடிங்க.

ரிப்போர்ட்டைத் திறந்ததும் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாசவாரியா ஒரு கட்டம் இருக்கும், 36 மாசம் வரைக்கும். அதுல 000 இருந்தா சரியா கட்டியிருக்கீங்க. 030-னு இருந்தா அந்த மாசம் 30 நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் இருந்தா பேங்க் அந்த மாசத் தகவலை அனுப்பலைன்னு அர்த்தம், பயப்பட வேண்டாம். போன் வாங்கினப்ப போட்ட இஎம்ஐ, "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு" ஆப்ல எடுத்த 2,000 ரூபாய், எல்லாமே கடன்தான். இதெல்லாம் தனித்தனி கணக்கா அங்க நிக்கலாம். பயன்படுத்தாத கார்டுல ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் விழுந்து, அதை நீங்க கவனிக்கலைன்னா அதுவும் பாக்கியா மாறும்.

அடுத்து, கணக்கோட நிலை. நிறைய பேர் மாட்டுறது இங்கதான். கார்டுல 40,000 பாக்கி இருக்குன்னு வைங்க. வசூல் ஏஜென்ட் போன் பண்ணி, "சார், 15,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்"னு சொல்வாரு. கேட்க லாபமாத்தான் இருக்கும். ஆனா ரிப்போர்ட்ல "க்ளோஸ்டு"ன்னு வராது, "செட்டில்டு"ன்னு வரும். முழுசா கட்டாம பேங்க்கை விட்டுக்கொடுக்க வெச்ச ஆள்னு அடுத்த பேங்க் இதைப் படிக்கும். வேலை போச்சு, ஆஸ்பத்திரி செலவு, வேற வழியே இல்லைன்னா அது வேற கதை. கட்ட முடியும்னா முழுசா கட்டி, நோ ட்யூஸ் சர்டிஃபிகேட் வாங்குங்க. ஏற்கனவே செட்டில் பண்ணியிருந்தாலும், மீதித் தொகையைக் கட்டி நிலையை மாத்தித் தரச் சொல்லி பேங்க்கிட்ட எழுத்துல கேட்கலாம்.

கார்டு பில்லை மாசாமாசம் முழுசா கட்டுறவங்களுக்கும் ஒரு சிக்கல் வரும். லிமிட் 50,000, செலவு 40,000-னா, நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே 80 சதவீதப் பயன்பாடு ரிப்போர்ட்டுக்குப் போயிடலாம். லோன் அப்ளை பண்ணப் போற சமயத்துல பில் ஜெனரேட் ஆகுறதுக்கு முன்னாடியே ஒரு பகுதியைக் கட்டிடுங்க. 30 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கணும்னு சொல்றாங்களே, அது சட்டம் இல்லை, ஒரு நல்ல அளவுகோல், அவ்வளவுதான்.

சொந்தமா ஸ்கோர் பார்த்தா குறையாது. ஆனா ஒரே ராத்திரியில அஞ்சு லோன் ஆப்ல அப்ளை பண்ணா, அஞ்சு விசாரணையும் பதிவாகும். பணத்துக்கு அல்லாடுற ஆள் மாதிரி தெரியும்.

நீங்க வாங்காத கடன் இருக்கா? க்ளோஸ் பண்ணது இன்னும் ஆக்டிவா காட்டுதா? அந்த நிறுவனத்தோட வெப்சைட்லயே புகார் போடுங்க. பேங்க் உறுதி செய்யாம அவங்களா எதையும் திருத்த முடியாது, அதனால பேங்க்குக்கும் ஒரு மெயில் அனுப்புங்க. 30 நாளைக்குள்ள முடிக்கணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரணும். 2024 ஏப்ரல்ல இருந்து இது நடைமுறையில இருக்கு. பதிலே வரலைன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே போகலாம், கட்டணம் கிடையாது. அப்போ முதல் புகாரோட தேதியும் நம்பரும் கேட்பாங்க, அதனால புகார் போட்ட அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.