நெல், அரிசி, சோறு: ஓர் அன்றாடச் சொல்லின் மொழிபெயர்ப்பு

ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்பது பாலர் பள்ளிக் குழந்தையும் அறிந்த சொல். அதற்குத் தமிழ் யாது என வினவினால் பெரும்பாலோர் 'அரிசி' என்றே விடை கூறுவர். ஆனால் ஆங்கிலத்தில் வயலில் கதிர் தள்ளி நிற்பதும் 'ரைஸ்'. கடையில் மூட்டை மூட்டையாக விற்பதும் 'ரைஸ்'. இலையில் ஆவி பறக்க இடுவதும் 'ரைஸ்'. இம்மூன்றையும் தமிழ் நெல், அரிசி, சோறு எனப் பிரித்து வழங்குகின்றது. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் கெடும்.

இது எல்லாரும் அறிந்த செய்திதானே எனத் தோன்றலாம். எனினும் நம் மாணவர்களின் கட்டுரைகளில் "மதியம் அரிசி சாப்பிட்டேன்" என்னும் தொடர் இடம்பெறுவதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். உணவகப் பட்டியல்களில் 'வறுத்த அரிசி', 'கோழி அரிசி' ஆகியவற்றையும் நாம் காண்கின்றோம். அத்தொடர்களில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. வறுத்த அரிசி என்பது தமிழில் உள்ள ஒரு பொருளே. ஆனால் அதைத் தட்டில் இட்டு உண்பாரில்லை, மாவரைக்கக் கொண்டு செல்வர். எழுவாயும் பயனிலையும் செம்மையாக இருக்க, எண்ணம் மட்டும் ஆங்கிலத்தில் நடந்திருப்பதை இத்தகைய தொடர்கள் காட்டுகின்றன.

மொழியியலாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. பெர்டினாண்ட் டி சசூரின் மறைவுக்குப் பின் 1916இல் வெளியான பொது மொழியியல் நூல், பிரெஞ்சுச் சொல்லாகிய 'மூத்தோன்' என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. அது ஆட்டையும் குறிக்கும், ஆட்டிறைச்சியையும் குறிக்கும். ஆங்கிலமோ உயிருள்ள ஆட்டை 'ஷீப்' எனவும் உணவாகும் இறைச்சியை 'மட்டன்' எனவும் இரண்டாக்குகின்றது. சொற்கள் சுட்டும் பொருள் ஒன்றாயிருப்பினும், மொழியமைப்பில் அவை பெறும் மதிப்பு வேறு என்பது சசூரின் கருத்து. ஆட்டில் இரண்டாகப் பிரித்த ஆங்கிலம் நெல்லில் ஒன்றோடு நின்றுவிட்டது. தமிழ் நெல்லில் மூன்றாகப் பிரித்தும் ஆட்டையும் அதன் கறியையும் வேறுபடுத்தத் தனிச்சொல் நாடாமல் 'ஆட்டுக்கறி' எனக் கூட்டிச் சொல்லி அமைகின்றது.

நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று மலாய்மொழி. பாடி, பெராஸ், நாசி என்னும் மூன்றும் நெல், அரிசி, சோறு என்பவற்றோடு விரல் வைத்தாற்போல் பொருந்துகின்றன. உமிக்குச் செக்காம், தவிட்டுக்கு டெடாக், நொய்க்கு மெலுக்குட் எனத் துணைச் சொற்களும் இணை இணையாக வருகின்றன. அரிசியில் உமி நீங்காமல் கிடக்கும் ஒன்றிரண்டு மணிக்கு மலாய்மொழியில் 'அந்தா' என்னும் தனிப்பெயரே உண்டு. நாம் அதையும் நெல் என்றே கூறிப் பொறுக்கி எறிகின்றோம். இந்தோனேசியமொழி ஒரு படி மேலே சென்று, கதிரடித்துப் பிரித்த நெல்மணியைக் 'காபா' என்கின்றது. மலேசியாவின் தேசிய நெல்லரிசி நிறுவனமாகிய பெர்னாசின் முழுப்பெயரில் பாடியும் பெராசும் ஒட்டி நிற்கின்றன. அப்பெயரை ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் பெயர்க்க முனைவோர் திணறவே வேண்டும். ஆங்கிலத்துக்கே 'பேடி' என்னும் சொல்லை மலாய்மொழிதான் வழங்கியது. ஆனால் ஆங்கிலத்துக்குள் புகுந்ததும் அது தன் இடத்தில் நில்லாமல் நெல் விளையும் வயலையும் குறிக்கலாயிற்று.

ஏனைய ஆசிய மொழிகளை விரைந்து நோக்கலாம். சிங்களத்தில் வீ, ஹால், பத். வங்கமொழியில் தான், சால், பாத். பர்மியத்தில் சபா, சான், தமின். கொரியமொழியில் பியோ, சால், பாப். ஜப்பானியத்தில் இனெ, கொமெ, கொஹான். சீனத்தில் தாவ், மீ, ஃபான். வியட்நாமியம் பயிரையும் மணியையும் வேறாக்கி லுவா, தோக், காவ், கோம் என நான்காக்குகின்றது. ஆசியாவுக்கு வெளியே கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலிமொழியிலும் ம்புங்கா, ம்சேலே, வாலி என்னும் மூன்று சொற்கள் உள்ளன. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இத்தனை மொழிகள் ஒரே இடங்களில் கோடு கிழித்திருப்பது தற்செயலாகாது. உமி நீக்கும் உரலும் உலையேற்றும் அடுப்புமே அக்கோடுகளைக் கிழித்தன எனலாம்.

இதிலிருந்து, நெல் விளையும் நாட்டில் சொற்கள் பல, விளையாத நாட்டில் சொல் ஒன்று என விதி வகுக்கத் தோன்றும். மேடைகளில் அவ்வாறு பேசப்படுவதும் உண்டு. ஆனால் தாய்லாந்து அவ்விதியைக் கவிழ்த்துவிடுகின்றது. நெல்லுக்குப் பெயர்போன அந்நாட்டின் மொழியில் அடிச்சொல் 'காவ்' ஒன்றே. உமியோடு இருப்பது காவ் பிளுஎக், தீட்டியது காவ் சான், வெந்தது காவ் சுவை என அடை கொடுத்து வேறுபடுத்துவர். மக்காச்சோளமும் கோதுமையும்கூட 'காவ்' என்னும் முதலோடுதான் பெயர் பெறுகின்றன. ஆகவே வேறுபாட்டை உணர்தல் வேறு, அதற்குத் தனித்தனி வேர்ச்சொல் வைத்திருத்தல் வேறு. தாய்மொழியினர் எந்த வேறுபாட்டையும் இழந்துவிடவில்லை. சொல் வளத்தைக் கொண்டு ஓர் இனத்தின் அறிவை அளப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

விதி முற்றிலும் பொய்யுமன்று. வடஇந்திய மொழிகளில் அதன் நிழல் தெரிகின்றது. வங்கத்தில் சாலும் பாத்தும் தெளிவாகப் பிரிந்து நிற்க, கோதுமை ரொட்டியை முதன்மை உணவாகக் கொண்ட தில்லிப் பகுதியின் இந்தியில் 'சாவல்' என்னும் சொல்லே பச்சை அரிசிக்கும் வெந்த சோற்றுக்கும் பயன்படுகின்றது. 'பாத்' என்னும் சொல் மொழியில் இருந்தும் தட்டில் அதன் ஆட்சி குறைவு. மொழிபெயர்ப்பாளரை இடறிவிடும் கல் ஒன்றும் அருகில் உண்டு. இந்தியில் 'பாத்' வெந்த சோறு. கன்னடத்தில் 'பத்த' என்பது நெல்.

மேற்கே செல்லச் செல்லச் சொல் ஒன்றாகச் சுருங்குகின்றது. பாரசீகத்தில் 'பெரெஞ்ச்' அரிசியாகவும், சமைத்தபின் 'செலோ', 'போலோ' ஆகவும் பெயர் மாறும். அரபியில் 'ருஸ்'. அதன் முன்னொட்டோடு சேர்ந்து இசுபானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் 'அர்ரோஸ்' ஆயிற்று. கிரேக்க 'ஒரூஸா' இலத்தீனம், இத்தாலியம், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 1753இல் லின்னேயசு இப்பயிருக்கு இட்ட அறிவியற் பெயரின் முற்பகுதியும் அதுவே. பயிரை வளர்க்காமல் மணியை மட்டும் வணிகத்தில் பெற்றோருக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்கள் பெரிதும் விரும்பும் ஒரு கருத்தைத் தொடாமல் செல்ல இயலாது. 'அரிசி' என்னும் தமிழ்ச்சொல்லே கிரேக்க 'ஒரூஸா' ஆகி, ஆங்கில 'ரைஸ்' ஆயிற்று என்பது அக்கருத்து. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதனை எடுத்துரைத்தார். பின்னர்ப் பாடநூல்களும் பட்டிமன்றங்களும் ஏற்றுக்கொண்டன. ஒலியொப்புமை கவர்ச்சியானதுதான். ஆயினும் இன்றைய சொல்லாய்வாளருட் பெரும்பாலோர் இதனை ஏற்பதில்லை. அவர்கள் கிரேக்கச் சொல்லைப் பழைய ஈரானிய வடிவம் ஒன்றோடு இணைக்கின்றனர். பாரசீகப் பெரெஞ்சும் பட்டாணியர் மொழியின் 'வ்ரிழெ'யும் வடமொழி 'வ்ரீஹி'யும் அவ்வடிவத்தின் சுற்றம். காலமும் இதற்குத் துணை நிற்கின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தியோபிராசுட்டசு நெற்பயிரை வருணித்துள்ளார். அலெக்சாந்தரின் படையோடு சென்றவர்கள் ஈரானையும் இந்தியாவின் வடமேற்கையும் கடந்து வந்து உரைத்த செய்திகள் கிரேக்கருக்குக் கிட்டிய காலம் அது. தென்னாட்டுத் துறைமுகங்களில் யவனர் கலங்கள் பெருகியது அதற்குப் பிந்தியே.

வ்ரீஹி என்னும் சொல் இருக்கு வேதத்தில் இல்லை. அதர்வண வேதத்தில் உள்ளது. ஆதலின் அது வடமொழிக்கு இந்திய மண்ணிலிருந்து கிடைத்த சொல்லாகலாம் என்பர். தெலுங்கு 'வரி' போன்ற திராவிட வடிவங்களோடு அதனைச் சேர்த்து நோக்குவோரும் உளர். அவ்வாய்வு முற்றுப்பெறவில்லை. ஐயத்துக்கு இடமான அரிசியை வகுப்பறையில் முழங்குவதைவிட, ஐயமற்ற இஞ்சியை முன்வைக்கலாம் என்பது நம் கருத்து. இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடக் கூட்டுச்சொல், பாலியில் 'சிங்கிவேர' ஆகிக் கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆகி ஆங்கில 'ஜிஞ்சர்' ஆனதை அறிஞர் பெரிதும் ஒப்புகின்றனர். மலாய்ப் பெராசையும் அரிசியின் திரிபென்பார் உண்டு. தகாலோகுமொழியின் 'பிகாஸ்' முதலிய உறவுச் சொற்களைக் காணின் அது ஆசுத்திரோனேசியக் குடும்பத்தின் பழஞ்சொல் என்பது தெளிவு. மலாய்மொழிக்குக் கப்பலையும் ஆப்பத்தையும் கொடுத்த தமிழ், அரிசியைக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

இதுவரை அரிசியை 'ரைசின்' ஒரு கூறாகவே கொண்டோம். உண்மையில் தமிழ் அரிசியின் எல்லை அதனினும் விரிந்தது. தினையரிசி, வரகரிசி, சாமையரிசி, மூங்கிலரிசி என்கின்றோம். சித்த மருத்துவத்தில் கார்போகரிசி, வெட்பாலையரிசி உள்ளன. எனவே உமியோ ஓடோ நீங்கிய உள்மணி என்பதே அச்சொல்லின் பரந்த பொருள். வியப்புக்குரிய வகையில் சீனத்தின் 'மீ' என்னும் சொல்லும் இவ்வாறே இயங்குகின்றது. தோல்நீங்கிய தினை 'சியாவ் மீ'. மக்காச்சோளம் 'யூ மீ'. அதே சொல்லின் ஹொக்கியன் ஒலிப்பாகிய 'பீ', நம் சந்தைகளில் கிடைக்கும் அரிசிச் சேமியாவாகிய பீஹூனிலும், ஓடு நீக்கி உலர்த்திய இறாலாகிய 'ஹே பீ'யிலும் இருக்கின்றது. இறாலை அரிசியாக்கிய சீனரைக் கண்டு நகைக்குமுன், 'பனஞ்சோறு' என மரத்தின் உட்சதையையும், 'சோற்றுக்கற்றாழை' என ஒரு செடியின் குழைந்த உட்பகுதியையும் சோறாக்கியவர்கள் நாம் என்பதை எண்ணிக்கொள்ளலாம். சோறு ஒரு பருக்கையையும் குறிக்கும். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழியில் முதற்சோறு பானை நிறைய இருப்பது; இரண்டாம் சோறு விரல்நுனியில் நசுங்குவது. இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்லி மாணவர்க்குப் பயிற்சி அளித்தால், மொழிபெயர்ப்புக் கோட்பாட்டில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

மூன்று சொற்களும் ஒரே உறுதியுடன் நிற்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நெல்லையும் அரிசியையும் தமிழில் எந்தக் கடன்சொல்லும் அசைக்கவில்லை. தட்டுக்கு வந்த சோற்றைத்தான் அன்னம், சாதம் என்னும் வடசொற்கள் நெருக்கின. தெலுங்கிலும் வட்லு, பிய்யம் என்பன நிலைக்க, மூன்றாமிடம் அன்னத்துக்குப் போயிற்று. ஜப்பானியத்தில் 'மெஷி' என்னும் நாட்டுச்சொல் முரட்டுத்தனமாக ஒலிக்க, சீன வழிச்சொல்லோடு மதிப்பு முன்னொட்டுச் சேர்ந்த 'கொஹான்' நாகரிக வழக்காயிற்று. மேனாட்டு உணவகத்தில் தட்டில் பரிமாறினால் அதே பொருள் 'ரைசு' என்று மறுபெயர் பெறும். கொரியர் பெரியோரிடம் 'பாப்' என்னாது 'சின்சி' என்பர். உண்ணும் இடத்தில்தான் மனிதர் ஒருவரையொருவர் அளக்கின்றனர். ஆகவே அவ்விடத்துச் சொல்லே முதலில் மாறுகின்றது. 'சோறு' என வாய்திறக்கக் கூசிச் 'சாதம்' என்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று 'ரைஸ்' என்கின்றனர். கூச்சம் அதேதான்.

இந்நாடுகளில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. மலாயாவுக்கு வந்த தமிழருட் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தனர். அவர்கள் உண்ட அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலேறி வந்தது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அதுவும் அருகி, மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று. நாற்று நடுதல், களையெடுத்தல், போரடித்தல் முதலிய தொழில்கள் அவர்தம் நாளில் இல்லை. எனவே நெல்லைச் சுற்றிய சொற்களுக்கும் வேலையில்லை. இன்று கெடா மாநிலத்திலோ செக்கிஞ்சானிலோ வயலைக் காணும் தமிழ்ச் சிறுவன் அதனைப் 'பாடி' என்றுதான் முதலில் கூறுகின்றான். சிங்கப்பூர்ச் சிறுவனுக்கு அவ்வயலும் இல்லை. ஆகவே 'அரிசி சாப்பிட்டேன்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்வது பயன்தராது. மலாய்மொழி அவனுக்குள் முன்னரே வரைந்துவைத்த பாடி, பெராஸ், நாசி என்னும் மூன்று கட்டங்களில் தமிழ்ச் சொற்களை இட்டுக்காட்டுவது எளிது. ஆங்கிலத்தின் ஒற்றைக் கட்டத்தின் வழியே கற்பிப்பதுதான் கடினம். நம் இருமொழிப் பயிற்சி நூல்களோ இன்னும் ஆங்கிலத்தையே நடுவில் நிறுத்துகின்றன.

'ரைஸ் குக்கர்' என்னும் மின்கருவியின் பெயரில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஜப்பானியர் 'சுய்ஹான்கி' என்கின்றனர். அதிலுள்ள 'ஹான்' வெந்த சோறு. சீனரின் 'தியென் ஃபான் குவோ'வில் ஃபான். வியட்நாமியரின் 'நோய் கோம் தியன்' என்பதில் கோம். கொரியரின் 'பாப்சொத்'தில் பாப். மலாய்மொழியில் 'பெரியுக் நாசி'. உள்ளே இடுவது அரிசியாயினும், எல்லாரும் வெளியே வருவதைக் கொண்டே பெயரிட்டுள்ளனர். தமிழில் சிலர் 'அரிசி வேகவைக்கும் கருவி' என ஆங்கிலத்தைத் துரத்திக்கொண்டு போகின்றனர். சோற்றுப்பானை என்னும் சொல் நம் அடுப்பங்கரையில் நெடுங்காலமாக இருக்கின்றது. முன்னே 'மின்' ஒன்றைச் சேர்த்தால் போதும்.