பனி விழுந்தால்தான் கடை திறக்கும்

வியாபாரப் பக்கத்தில் பனிமலைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நெளுக்குளத்தில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கும் முதலில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வயலில் இறங்கும் பனிதான். அதற்கு மேல் குளிர் வேண்டுமென்றால் கடையிலுள்ள ஐஸ் பெட்டியைத்தான் திறக்க வேண்டும்.

2024 மே மாதம் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். புறக்கோட்டையில் லொறி ஏற்றும்வரை காத்திருந்த இடத்தில், சால்வை வியாபாரம் செய்யும் காஷ்மீர்க்காரர் ஒருவரோடு தேநீர் குடிக்க நேர்ந்தது. பல வருடம் இங்கே இருப்பதால் தமிழும் சிங்களமும் கலந்து நன்றாகவே பேசுகிறார். அவருடைய தம்பிக்கு தங்மர்க் என்ற ஊரில் கடை. குல்மர்க் பனிமலைக்குப் போகிறவர்களுக்கு சப்பாத்தும் தடித்த மேலங்கியும் வாடகைக்குக் கொடுக்கும் கடை. "பாய், இந்த வருஷம் ஜனவரியில் பனியே இல்லை. தம்பி நாற்பது ஜோடி சப்பாத்தை ஸ்ரீநகரில் கடனுக்கு எடுத்து அடுக்கி வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு இருந்தான்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே என் கடன் கொப்பி ஞாபகத்துக்கு வந்தது. குளம் நிரம்பாத வருடத்தில் காலபோகத்தை நம்பி மண்வெட்டியும் படங்கும் தெளிகருவியும் கடனுக்குக் கொடுத்தவனுக்குத்தான் அந்தத் தம்பியின் நிலைமை விளங்கும். ஊருக்குத் திரும்பியதும் இந்தத் தொழிலைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை நம்மவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இந்த வாரம்.

குல்மர்க், காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. புல்வெளியே ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரம். நமது நாட்டின் மிக உயர்ந்த பேதுருதாலகாலை மலை உச்சியே 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே பனிச்சறுக்கை ஆரம்பித்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். 1927இல் அவர்கள் ஒரு ஸ்கீ கழகமே அமைத்தார்கள். ஆனால் வியாபாரமாக அது எழும்பியது கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டி வந்த பிறகுதான். 1990இல் கலவரம் வெடித்ததால் வேலை நின்றுபோய், முதற் கட்டம் 1998இல் கொங்டூரி வரைக்கும், இரண்டாம் கட்டம் 2005இல் அபர்வத் மலையில் கிட்டத்தட்ட 3,950 மீற்றர் உயரம் வரைக்கும் ஓடத் தொடங்கியது. அதை நடத்துவது அரசாங்கத்தின் கேபிள் கார் கூட்டுத்தாபனம்.

இந்த இடத்தில் "ஓப்-பிஸ்ட்" என்ற சொல்லை விளக்க வேண்டும். ஐரோப்பாவில் பனிச்சறுக்கு என்றால், இயந்திரத்தால் பனியை அழுத்திச் சீவி, ஓரத்தில் அடையாளக் கம்பு நட்டு, ஆபத்தைப் பார்த்துத் திறந்துவிட்ட பாதையில் சறுக்குவது. அந்தப் பாதைக்குப் பெயர் பிஸ்ட். அந்தப் பாதையை விட்டு வெளியே, யாரும் தொடாத பஞ்சு போன்ற பனியில், மரங்களுக்கிடையிலும் பள்ளங்களிலும் இறங்குவதுதான் ஓப்-பிஸ்ட். காலுக்கு ஒவ்வொன்றாக இரண்டு பலகை கட்டினால் ஸ்கீ. இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டினால் ஸ்னோபோர்ட். குல்மர்க்கில் சீவிய பாதை கொஞ்சம்தான். கொண்டோலாவுக்குப் பக்கத்துச் சரிவைப் பனிக் காவலர்கள் சோதித்துத் திறப்பார்கள். மற்றபடி மலை முழுவதும் அல்லாஹ் படைத்தபடியே கிடக்கிறது. உச்சியிலிருந்து புல்வெளி வரை 1,300 மீற்றர் இறக்கம். இப்படி உயரத்துக்கு ஒரு பெட்டியில் ஏறிப்போய், தொடாத பனியில் இறங்கும் வசதி உலகத்தில் அதிகம் இல்லை என்பதால்தான் ரஷ்யா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. குல்மர்க்குக்கு வரும் வாடிக்கையாளர் இரண்டு வகை. டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பமாக வருபவர் காலையில் வந்து, சப்பாத்து வாடகைக்கு எடுத்து, சறுக்கு வண்டியில் ஒரு சுற்று ஏறி, படம் எடுத்து, பின்னேரம் இறங்கிவிடுவார். எண்ணிக்கை அதிகம், ஆளுக்குச் செலவு குறைவு. குதிரைக்காரர், வண்டி இழுப்பவர், தேநீர்க் கடைக்காரர், தங்மர்க் வாடகைக் கடைக்காரர் எல்லாருக்கும் சோறு போடுவது இவர்தான். ஓப்-பிஸ்ட் காரர் அப்படியல்ல. வந்தால் ஒரு கிழமை, இரண்டு கிழமை தங்குவார். பனி பெய்யும்வரை அறையில் காத்திருப்பார். அறை, சாப்பாடு, வழிகாட்டி, வாகனம் என்று செலவழிப்பார். நல்ல பனி கிடைத்தால் அடுத்த வருடமும் வருவார், கூட்டாளியையும் கூட்டி வருவார். நம் ஊர்க் கடைக்குக் கல்யாணக் காலத்தில் ஒருநாள் வருபவருக்கும், மாதச் சாமான் எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆனால் வெளிநாட்டுக் குழுக்களை அழைத்துவரும் கொம்பனிகள் பல வெளிநாட்டிலேயே பணத்தை வாங்கிவிடுகின்றன. உள்ளூர் ஆளுக்கு வந்து சேர்வது நாட்கூலி மட்டும் என்ற நிலைமையும் உண்டு. தேங்காய்க்காரனுக்கும் எண்ணெய்க் கொம்பனிக்கும் உள்ள கணக்குப் போல.

பனி எங்கிருந்து வருகிறது? மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்துவரும் குளிர்கால மழைத் தொகுதிகள் இமயமலையில் முட்டி அங்கே பனியாகக் கொட்டுகின்றன. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளை காஷ்மீரில் "சில்லாய் கலான்" என்பார்கள், கடுங்குளிர்க் காலம். அந்த நாட்களில் விழும் பனிதான் நின்று தாங்கும். 2024 ஜனவரியில் அந்த நாற்பது நாளும் பெரும்பாலும் வெறுமையாகப் போனது. புல்வெளி பழுப்பு நிறமாகக் கிடந்த படங்களைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். 2025இல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியின் குல்மர்க் பகுதியைப் பனி போதாமல் பெப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள்.

பனி வந்தாலும் ஆபத்து அதோடு சேர்ந்தே வருகிறது. பனி ஒரே தடவையில் விழுந்து இறுகுவதில்லை, அடுக்கடுக்காக விழுகிறது. நடுவில் ஓர் அடுக்கு சீனி மணல் போலப் பிடிப்பில்லாமல் இருந்தால், மேலே காற்று கொண்டுவந்து குவித்த புதுப் பனி ஒரு மனிதனின் பாரத்திலேயே பலகையாகப் பிளந்து இறங்கிவிடும். நெல் மூட்டை அடுக்கும்போது நடுவில் ஒரு வழுக்கும் படங்கை விரித்தால் என்ன நடக்குமோ அதுதான். 2010 பெப்ரவரியில் கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த இந்திய இராணுவத்தினர் 17 பேர் இப்படி மாண்டார்கள். 2023 பெப்ரவரியில் அபர்வத்தில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவர், 2024 பெப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். ஜனவரி முழுக்கக் காத்திருந்து, பனி விழுந்த உடனே எல்லாரும் மலைக்கு ஓடுகிற நாட்கள்தான் ஆபத்தான நாட்களும். புதையுண்டவரை முதற் கால் மணித்தியாலத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் நம்பிக்கை. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். கூடப் போனவர்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துளாவும் கம்பி, மண்வாரி மூன்றையும் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள்.

காப்புறுதி விஷயமும் உண்டு. பல பிரயாணக் காப்புறுதிகள், வழிகாட்டி இல்லாமல் ஓப்-பிஸ்ட் போனால் ஒரு சதமும் கொடுக்கமாட்டா. அது பத்திரத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். எனக்கு இதில் அனுபவம் உண்டு. ஒரு மாரியில் என் களஞ்சியத்துக்குள் வெள்ளம் ஏறி சீமெந்து கல்லாகியபோதுதான், "வெள்ளம்" என்ற சொல்லுக்கு என் பத்திரத்தில் என்ன அர்த்தம் என்று கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். வாசித்து என்ன பயன், சீமெந்து சீமெந்தாகவா வரப்போகிறது?

இதே தொழிலை ஜப்பான் எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் சில விஷயம் விளங்கும். ஜப்பானை நாம் வாகனத்தோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பவர்கள். வடக்கேயுள்ள பனிப் பிரதேசத்து வான் என்றால் அடிப்பக்கம் துருவைப் பார் என்று கராஜ்காரர் சொல்வது, அங்கே பனியைக் கரைக்க வீதியில் உப்புப் போடுவதால்தான். அந்த வடக்குத் தீவான ஹொக்கைடோவில் நிசெக்கோ என்றொரு இடம். மலை 1,308 மீற்றர்தான், குல்மர்க் புல்வெளியின் பாதி. ஆனால் சைபீரியாவின் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டுவந்து கொட்டுவதால் ஒரு பருவத்தில் சுமார் 15 மீற்றர் பனி, அதுவும் மா போல உலர்ந்த பனி, ஏறத்தாழ வருடம் தவறாமல். சரக்கு நிச்சயம் என்றால் வியாபாரத்தில் பாதி முடிந்தது.

ஜப்பானில் பல இடங்களில் கயிற்றைத் தாண்டினால் குற்றம் என்று தடுத்துவிட்டார்கள். நிசெக்கோவிலும் தாண்டியவர்கள் செத்தார்கள். ஆனால் தடையால் பயனில்லை என்று கண்டு வேறு வழி எடுத்தார்கள். மலையில் கதவுகள் வைத்தார்கள். காலையில் நிலைமையைப் பார்த்து அந்தக் கதவுகளைத் திறப்பார்கள் அல்லது பூட்டுவார்கள். திறந்த கதவால் போகலாம். கயிற்றுக்கு அடியால் நுழைந்தால் டிக்கட்டைப் பறிப்பார்கள். யுனோசாவா என்ற பள்ளம் எப்போதுமே தடை. எல்லைக்கு வெளியே தேடி மீட்கும் செலவு மாட்டிக்கொண்டவர் தலையில். ஷின்யா அகியோ என்ற மலையேறி பல வருடங்களாக விடியலில் மலையைப் பார்த்துப் பனிச்சரிவு அறிக்கை எழுதி வந்தார். ஹோட்டல்காரர், வழிகாட்டி, மலைக் கொம்பனி எல்லாரும் அந்த ஒரே அறிக்கைக்குக் கட்டுப்பட்டார்கள். போட்டிக் கடைகள் ஒன்றுகூடி ஒரு விதியை வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று சந்தையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்குக் கடை பூட்டும் விஷயத்திலேயே மூன்று கூட்டம் போட்டோம்.

ஆனால் நிசெக்கோவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1990களின் ஆரம்பத்துக்குப் பிறகு ஜப்பானியரின் ஸ்கீ மோகம் வடிந்து பல மலைகள் பூட்டப்பட்டன. நிசெக்கோவைத் தூக்கியது 2000க்குப் பிறகு வந்த அவுஸ்திரேலியர்கள். பின்னால் பெரிய முதல் வந்தது. நிசெக்கோ வில்லேஜை 2010இல் மலேசியாவின் வை.டி.எல். குழுமம் வாங்கியது, ஹனாசோனோ ஹொங்கொங் கொம்பனியிடம் போனது. குச்சான் நகரத்தின் காணி விலை நாட்டிலேயே வேகமாக ஏறிய இடங்களில் ஒன்றானது. 2019 நவம்பரில் நகரசபை தங்குமிடக் கட்டணத்தில் 2 வீதம் வரி எடுக்கத் தொடங்கியது. காணி விற்றவர்கள் ஒருதரம் சம்பாதித்தார்கள். விற்காமல் வாடகைக்கு விட்டவர்கள் இன்னும் சம்பாதிக்கிறார்கள்.

குல்மர்க் ஹோட்டல்கள் நிற்பதோ அரசின் குத்தகைக் காணியில். 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் விசேட அந்தஸ்து நீக்கப்பட்ட பிறகு, 2022 டிசம்பரில் புதிய காணி விதிகள் வந்தன. காலாவதியான வர்த்தகக் குத்தகைக்காரர் இடத்தைக் கையளிக்க வேண்டும், புதிய குத்தகை ஏலத்தில் என்பது அதன் சாரம். தலைமுறையாகக் கட்டி நடத்தியவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் அது. கட்டடம் யாருடையது என்பதை விட மண் யாருடையது, எத்தனை வருடத்துக்கு என்று பார்க்காமல் முதல் போடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். வவுனியாவில் பேமிட் காணியில் மாடி எழுப்பியவர்களைக் கேளுங்கள்.

பனியைத் தவிர வேறு கதவும் பூட்டும். 2019இல் முழு அடைப்பு, 2020இல் கொரோனா, 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின் இரத்தான பயணங்கள். யுத்த காலத்தில் ஏ9 பாதை பூட்டியும் திறந்தும் இருந்ததைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சால்வைக்காரரிடம் 2025 நோன்பு காலத்தில் தொலைபேசியில் பேசினேன். தம்பியின் கதையைக் கேட்டேன். பெப்ரவரி கடைசியில் பனி விழுந்ததாம், கடை ஓடுகிறதாம். நாற்பது ஜோடியில் பாதியை முதல் வருடமே ஸ்ரீநகர் மொத்தக்காரரிடம் நட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டானாம். மிச்சத்தைப் பக்கத்துக் கடைக்காரரோடு பங்காக வைத்திருக்கிறான். யாரிடம் ஆள் வந்தாலும் இருவரின் சப்பாத்தும் போகும், வாடகை பாதிப் பாதி. "இனிப் புதுச் சப்பாத்து எப்போது எடுப்பான்?" என்று கேட்டேன். பனி விழுந்த பிறகுதான் என்றார். அப்போது எல்லாரும் எடுப்பார்கள், விலை ஏறிவிடுமே என்றேன். ஏறும்தான், ஜோடிக்கு ஐந்நூறு ரூபாவாவது கூடும். அதைத் தம்பி கணக்குப் பார்த்துவிட்டானாம். நாற்பது ஜோடி ஒரு வருடம் தட்டில் தூங்கியதில் போனது அதைவிடக் கூட.