மோதிரத்துக்குள் நுழையும் சால்வை



நம்ம ஊர்ல வலை பின்னுவதைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. அதே மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பின்னும் ஒரு சால்வை உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்ற குளிரான தீவுகள். அங்கேயும் மீன்பிடிதான். ஆண்கள் ஆறு துடுப்புப் படகில் ஆழ்கடலுக்குப் போன காலத்தில், பெண்கள் ஆட்டு ரோமத்தைத் தலைமுடி போல மெல்லிசா நூற்று சால்வை பின்னினார்கள். சுமார் 6 அடிக்கு 6 அடி. ஆனாலும் முழுசையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்துவிடலாம்!

டிசைனைத் தேடி அவங்க எங்கேயும் போகலை. அலை, பறவைக் கண், பூனைப் பாதம் என்று கண்ணில் பட்டதெல்லாம் டிசைன்தான். அலை எப்படி வருது தெரியுமா? ஊசியில் 18 கண்ணி இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தடவை பின்னணும். அடுத்து, நூலை ஊசி மேல் ஒரு சுற்று, பிறகு ஒரு கண்ணி, இப்படி ஆறு தடவை. மறுபடி இரண்டிரண்டாக மூன்று தடவை. எண்ணிப் பாருங்க, அதே 18 வரும். சுற்றின இடத்தில் ஓட்டை விழுந்து விரியும், சேர்த்த இடம் சுருங்கும். அதனால் வரிசை நேராக நிற்காமல் அலையாக வளையும்.

வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு இருக்கு, ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். சால்வையில் முடிச்சு இல்லை. ஒரு கண்ணி நழுவினால் கடகடவென்று கீழே வரைக்கும் பிரியும். அவ்வளவு கவனம் வேணும்.

இத்தனைக்கும் கூலி? பல காலம் வியாபாரிகள் காசே கொடுக்கலை, டீத்தூளும் துணியும்தான். 1872-ல் வந்த அரசு விசாரணை அறிக்கையில் அந்தப் பெண்களே சொன்ன சாட்சியம் இருக்கிறது.

வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீங்க. ஆந்திராவில் நரசாப்பூர் பெண்கள் குரோஷா ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்பவர் அவங்களைப் பற்றி 1982-ல் புத்தகமே எழுதினார். லேஸ் கப்பலேறிப் போகுது, பின்னினவங்களுக்கோ கொஞ்சம்தான் கூலி. ஏன் என்றால், ‘வீட்ல சும்மா இருக்கிறவங்க பொழுதுபோக்கு’ என்று பேர். 2024-ல் அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலியும் ஏறணும் என்பது என் ஆசை.

நான் சைக்கிள் போக்ஸ் கம்பி இரண்டை முனை தேய்த்து, கம்பளி நூலில் 36 கண்ணி போட்டிருக்கேன், இரண்டு அலைக்கு. கத்துக்க விரும்புறவங்க சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாங்க. கம்பி நீங்கதான் கொண்டு வரணும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி