கருப்பு பீருக்குள் வாயு புகும் விதம்

வீட்டில் பீர் காய்ச்சுவது அமெரிக்காவில் பலருக்கும் பொழுதுபோக்கு. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வரிவிலக்குத் தந்தது. புதிதாகக் காய்ச்சுகிறவர்களுக்கு ஸ்டவுட் எனும் கருப்பு பீர் நல்ல தொடக்கம். வறுத்த தானியத்தின் ருசி சிறு குறைகளை மறைத்துவிடும்.

நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம். டப்ளினின் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். தானியத்தில் பத்தில் ஒரு பங்கு, 200 டிகிரிக்கு மேல் வறுத்த பார்லியாக இருந்தாலே பீர் முழுக்கக் கருத்துவிடும். அந்த மணி ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: காபிக்கொட்டையின் அதே கசப்பு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் ஏறக்குறைய சம எடையில் வெளியிடுகிறது. 5 சதவீத பீர் 20 லிட்டர் காய்ச்சினால், கூடவே பிறக்கும் வாயு அறை வெப்பத்தில் சுமார் 400 லிட்டர் இடத்தை அடைக்கும்! பெரும்பகுதி குமிழ் குமிழாக வெளியேறிவிடுகிறது. பிறகு நுரைக்காக அதே வாயுவைத் திரும்ப ஏற்ற வேண்டும். பாட்டிலில் அடைப்பவர்கள் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, ஈஸ்ட் மறுபடி வேலை செய்யட்டும் என்று இரண்டு வாரம் காத்திருப்பார்கள். கெக் எனும் எஃகுப் பீப்பாயில் அந்த வேலையைச் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பார்த்துக்கொள்கின்றன. வீடுகளில் புழங்கும் 19 லிட்டர் கெக், குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் சிரப் நிரப்பி அனுப்பிய கலம்தான்.

உள்ளே நடப்பது 1803-இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி: அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் கரையும் வாயுவும் கூடும். குளிர் அதற்குத் துணை. 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்தால் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் இரண்டரை லிட்டர் வாயு கரையும். 20 டிகிரியில் அதையே கரைக்க இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

முதன்முறை கெக் நிரப்புகிறவர் மூடியின் ரப்பர் வளையத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே குமிழ் கிளம்பினால் கசிவு. சிலிண்டர் விடிவதற்குள் காலியாகலாம். பிறகு ஒரு வாரம் கெக்கைத் தொடாமல் விடுவதே உத்தமம். அழுத்தத்தை ஏற்றிக் குலுக்கி அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. அளவு தப்பினால் கிளாஸ் முழுக்க நுரைதான்.

ஸ்டவுட்டின் பட்டு நுரைக்குக் காரணம் வேறொரு வாயு. 1959-இல் கின்னஸ் நிறுவனம் நைட்ரஜன் கலந்த டிராஃப்டைக் கொண்டுவந்தது; அதை உருவாக்கிய மைக்கேல் ஆஷ் கணிதம் படித்தவர். நைட்ரஜன் பீரில் எளிதில் கரையாது. நுண்துளைத் தகடு வழியே ஊற்றும்போது பொடிக் குமிழ்களாகச் சிதறும். வெளிக்காற்றிலும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜனே என்பதால் குமிழுக்குள்ளிருந்து அது சட்டென்று வெளியேறுவதில்லை; நுரை நிலைக்கிறது.

எனக்கு அலுக்காத அதிசயம், அந்தக் குமிழ்கள் கிளாஸின் ஓரமாகக் கீழே இறங்குவது. லிமெரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் 2012-இல் இதற்குக் காரணம் கிளாஸின் வடிவம் என்று காட்டினார்கள். கிளாஸ் மேலே அகன்றிருப்பதால், நேராக ஏறும் குமிழ்கள் சரிந்த சுவரைவிட்டு விலகுகின்றன. நடுவில் குமிழ்கள் அடர்ந்து பீரை மேலே இழுக்க, அது ஓரமாகத் திரும்பி இறங்கும்போது பொடிக் குமிழ்களையும் இழுத்துச் செல்கிறது. அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் ஊற்றினால் ஓரத்துக் குமிழ்களும் மேலேதான் ஏறும்.