‘சகல லோகச் சக்கரவர்த்தி’க்கு 40 ஆண்டுதான்: பாலாற்றங்கரையில் சம்புவராயர் எழுந்ததும் விழுந்ததும் எப்படி?

வாணியம்பாடியில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, வீட்டை மாற்றாமலேயே நான்கு மாவட்டங்களில் குடியிருந்த அனுபவம் உண்டு. முதலில் வட ஆற்காடு. 1989-ல் அது இரண்டாகப் பிரிந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். சில ஆண்டுகளில் வேலூர். 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர். “ஜில்லா பேரு மாறினதுதான் மிச்சம், பாலாத்துல தண்ணி வந்தபாடில்லை” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் மறுக்கமாட்டார்.

அந்த 1989 பிரிவினையில் பிறந்த இன்னொரு மாவட்டத்துக்கு அன்று வைத்த பெயர், ‘திருவண்ணாமலை சம்புவராயர்’ மாவட்டம். பிறகு மாவட்டங்களில் இருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் அரசு மொத்தமாக நீக்கியபோது சம்புவராயரும் போய்விட்டார். இருந்தது பத்தாண்டுகூட இல்லை. அவர்களுடைய தனியரசுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். 40 ஆண்டு கொடி பறந்தது, பிறகு இறங்கிவிட்டது.

சம்புவராயர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்களைக் கூட்டி, இரவோடு இரவாகச் சதி பேசும் அந்தச் சம்புவரையர். அது நாவலாசிரியரின் கற்பனை. கதை நடப்பது 10-ம் நூற்றாண்டில். கல்வெட்டுகளில் சம்புவராயர்கள் பெரிதாகத் தலைகாட்டுவதோ 12-ம் நூற்றாண்டில். நிஜ சம்புவராயர் இருந்த இடம் கடம்பூர் அல்ல, படைவீடு. வாணியம்பாடிக்குத் தெற்கே தெரியும் ஜவ்வாது மலைத்தொடரின் கிழக்குப் பக்க அடிவாரம் அது. ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் ‘படவேடு’ என்று சொல்லும் அதே ஊர்.

கடன் வாங்கிய பெயர்கள்

தொடக்கத்தில் இவர்கள் சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள். ‘செங்கேணி’ என்பது குலப்பெயர். ‘அம்மையப்பன்’ என்பதும் கூடவே வரும். ஆனால் கல்வெட்டுகளில் அந்தப் பெயரோடு எப்போதும் ஒரு சோழன் ஒட்டிக்கொண்டிருப்பான். எதிரிலிச் சோழச் சம்புவராயன், விக்கிரம சோழச் சம்புவராயன், குலோத்துங்க சோழச் சம்புவராயன் என்று. யாருக்குக் கீழே இருக்கிறார்களோ, அவருடைய பெயரைத் தன் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொள்வது அன்றைய வழக்கம். விசுவாசத்தைக் காட்டவும் அதுதான் வழி, அதிகாரத்தைக் காட்டவும் அதுதான் வழி.

காஞ்சிபுரம் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் கல்வெட்டு ஒன்று இவர்களில் ஒருவரைக் கொஞ்சம் நெருக்கத்தில் காட்டுகிறது. சோழன் இரண்டாம் ராஜாதிராஜன் காலம். பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் இலங்கைப் படை உள்ளே புகுந்து, சோழ எல்லை வரைக்கும் வந்துவிட்டது. எதிரிலிச் சோழச் சம்புவராயருக்குப் பதற்றம். ஞானசிவ தேவர் என்ற உமாபதி தேவரிடம் போய், இந்த ஆபத்து நீங்கச் சிவபூஜை செய்யுங்கள் என்று கேட்கிறார். எதிரிப் படை பின்வாங்கிய சேதி வந்ததும் ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுத்துவிடுகிறார். ஊரைத் தானமாக எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அதிகாரம் இருந்தும், பயம் வந்தால் சாமியிடமும் சோழனிடமும்தான் போக வேண்டியிருந்த ஒரு மனிதர்.

அடுத்த தலைமுறைக்குச் சோழன்மேல் அந்த நம்பிக்கை இல்லை. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே சம்புவராயரும் தகடூர் அதியமானும் வேறு சில தலைவர்களும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். உன் எதிரி என் எதிரி என்ற ரகம். செங்கம் பகுதிக் கல்வெட்டுகளில் அந்த ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. மேலே ஒரு பேரரசன் பலமாக உட்கார்ந்திருந்தால், கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் இப்படிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? 1231-ல் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சோழ வீடு உள்ளுக்குள் எவ்வளவு அரித்துப்போயிருந்தது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1279-க்குப் பிறகு சோழர்களே இல்லை. சம்புவராயர்கள் பாண்டியருக்குக் கீழே போனார்கள்.

மேலே யாருமே இல்லாத 12 ஆண்டு

பாண்டியரும் நிலைக்கவில்லை. சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற சகோதரச் சண்டைக்கு நடுவே 1311-ல் மாலிக் காபூர் டெல்லிப் படையோடு தெற்கே இறங்கினார். அதற்கடுத்து காஞ்சிபுரத்தின் கதையைப் பார்த்தால் தலைசுற்றும். 1313 வாக்கில் கொல்லத்திலிருந்து வந்த சேர மன்னன் ரவிவர்ம குலசேகரன் வேகவதிக் கரையில் முடிசூட்டிக்கொள்கிறான். 1316-ல் வாரங்கல் காகதீயரின் தளபதி முப்பிடி நாயகன் வந்து ஊரைப் பிடிக்கிறான். 1318-ல் மறுபடி டெல்லிப் படை. 1323-ல் வாரங்கலே டெல்லி வசம் போகிறது. காகதீயர் கதை முடிகிறது.

வந்தவர்கள் எல்லோரும் வந்த வேகத்தில் போனார்கள். ஊரிலேயே இருந்தவர்கள் சம்புவராயர்கள் மட்டும்தான். ஏரித் தண்ணீரை யார் திறப்பது, கோயில் நிலத்துக்கு வரி எவ்வளவு, வழிப்பறியை யார் தடுப்பது என்ற அன்றாடக் கேள்விகளுக்கு மக்கள் யாரிடம் போயிருப்பார்கள்? இருக்கிற ஆளிடம்தானே.

இந்த இடைவெளியில்தான், 1322-ஐ ஒட்டி, ஒரு சம்புவராயர் தனியரசராக எழுந்தார். அவர் சூட்டிக்கொண்ட பெயர் ‘சகல லோகச் சக்கரவர்த்தி வென்றுமண்கொண்டான்’. எல்லா உலகங்களுக்கும் பேரரசன், போரில் வென்று மண்ணைப் பிடித்தவன் என்று பொருள். இரண்டு தலைமுறை முன்புவரை சோழன் பெயரை ஒட்டிக்கொண்டு நடந்த குடும்பம் இது. ஆண்ட நிலமோ பெரும்பாலும் பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் இடையிலும் அக்கம்பக்கத்திலும்தான். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் ஆலையே இல்லாத காலத்தில் இலுப்பைப்பூதான் ஊருக்கு இனிப்பு கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருக்குப் பின் 1337-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்தவர் ராஜநாராயணச் சம்புவராயர். இந்த வம்சத்தின் நல்ல காலம் என்றால் இவருடையதுதான். நாட்டுக்குப் பெயர் ராஜகம்பீர ராஜ்யம். முன்னோர் ஒருவரின் பெயரால் வந்தது. ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் கால் ஊனமுற்றவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் இரட்டைப் புலவர்கள் இவர் காலத்தவர்கள். அவர்களுடைய ஏகாம்பரநாதர் உலா காஞ்சியில் எழுந்தது இந்த ஆட்சியில்தான் என்று இலக்கிய வரலாறு சொல்கிறது. போளூர் அருகே திருமலையில், இவருடைய 12-ம் ஆட்சியாண்டைக் குறிக்கும் சமணக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்ற பெண் மலையில் ஒரு திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. நாலாபுறமும் படைகள் அலைந்த காலத்தில், ஒரு பெண் நிம்மதியாகச் சிலை வைத்து, ‘இன்ன மன்னனின் இத்தனையாவது ஆண்டு’ என்று கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். படைவீட்டில் ஓர் அரசு நடந்துகொண்டிருந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த நிம்மதி மற்றவர்கள் அடித்துக்கொண்டதால் கிடைத்தது. தெற்கே மதுரையில் சுல்தான்கள். மேற்கிலிருந்து வந்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையிலேயே தளம் அமைத்துக்கொண்டு மதுரையோடு மோதிக்கொண்டிருந்தான். 1342 வாக்கில் கண்ணனூர்ப் போரில் கிழவரான வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் மதுரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, அவருடைய தோலில் வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் போசள அரசே இல்லாமல் போனது. சம்புவராயருக்கு ஒரு போட்டியாளர் ஒழிந்தார். கூடவே, மேற்கே இருந்த சுவரும் இடிந்தது.

அந்த இடிந்த சுவர் வழியாக வந்தது விஜயநகரம்.

பாலாற்றைக் கடந்த படை

1336-ல் துங்கபத்திரைக் கரையில் தொடங்கிய விஜயநகரத்தின் இரண்டாவது மன்னர் புக்கர். அவருடைய மகன் குமார கம்பணனுக்குத் தளம், இன்றைய கர்நாடகத்தின் முல்பாகல். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து மலை இறங்கித் தமிழ்ச் சமவெளிக்கு வருபவருக்குப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு இயல்பான வாசல். இன்றைக்கு பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போவதற்கும் இந்த நில அமைப்புதான் காரணம். தோல் லாரிக்கு எது வசதியோ அதுதான் அன்று யானைப் படைக்கும் வசதி.

கம்பணனின் மனைவி கங்காதேவி கணவனின் படையெடுப்பைச் சமஸ்கிருதக் காவியமாக எழுதினார். பெயர் ‘மதுரா விஜயம்’. பல நூற்றாண்டு யாருக்கும் தெரியாமல் கிடந்த சுவடி 1916-ல் திருவனந்தபுரத்தில் கிடைத்து, 1924-ல் அச்சானது. அதன்படி முல்பாகலிலிருந்து கிளம்பிய படை பாலாற்றைக் கடந்து விரிஞ்சிபுரத்தைப் பிடிக்கிறது. பாலாறு என்ற பெயரைக்கூட விடாமல், ‘பால் நதி’ என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லாக மாற்றியிருக்கிறார் கங்காதேவி. வாணியம்பாடியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் கடக்கும் ஊர்தான் விரிஞ்சிபுரம். சம்புவராயர் (காவியத்தில் ‘சம்பர்’) அங்கிருந்து பின்வாங்கி ராஜகம்பீர மலைக்கோட்டைக்குள் போகிறார். படைவீட்டு மலைதான் அது என்று கருதப்படுகிறது. கோட்டை முற்றுகையிடப்படுகிறது. கடைசியில் வாளோடு வெளியே வந்து கம்பணனோடு நேருக்கு நேர் மோதி விழுகிறார். காலம் 1360-ஐ அடுத்த சில ஆண்டுகளுக்குள்.

கம்பணனின் இலக்கு மதுரை. அப்படியானால் வழியில் இருந்த தமிழ் அரசனை ஏன் முதலில் அடிக்க வேண்டும்? இந்தப் படையெடுப்பை இந்து–முஸ்லிம் சண்டையாக மட்டும் சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கம்பணன் முதலில் வீழ்த்தியது சிவபக்தரான, கோயில்களுக்குக் கொடுத்து வந்த ஒரு சம்புவராயரை. கணக்கு எளிது: தொண்டை மண்டலத்தின் நெல்லும் காஞ்சியும் கையில் இல்லாமல் அவ்வளவு தூரம் தெற்கே ஒரு படை போக முடியாது. முதுகுக்குப் பின்னால் ‘சகல லோகச் சக்கரவர்த்தி’ என்று ஒருவரை விட்டுவைத்துவிட்டும் போக முடியாது. மதுரை விழுந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

ஒரே தோல்வி, இரண்டு கதை

காவியத்தில் சம்புவராயர் செத்துவிட்டார். ஆனால் கம்பணனின் படையில் வந்த சாளுவ மங்குவின் வம்சத்தார் வேறு மாதிரிச் சொன்னார்கள். அந்த வம்சத்தைப் புகழும் தெலுங்கு நூலான ஜைமினி பாரதம், மங்கு சம்புவராயரைத் தோற்கடித்து, பிறகு நாட்டை அவருக்கே திருப்பிக் கொடுத்தார் என்கிறது. அதனால் மங்குவுக்கு ‘சம்புராய ஸ்தாபனாசாரியர்’ என்ற பட்டம்; சம்புவராயரை மீண்டும் நிலைநிறுத்திய ஆசான் என்று அர்த்தம். ஒரு நூலில் கொன்ற பெருமை, இன்னொன்றில் பிழைக்க வைத்த பெருமை. இரண்டும் ஜெயித்தவர் வீட்டுக் கதைகள்தான். இரண்டு பேர் களத்தில் இறந்து, ஒருவர் பிழைத்திருக்கலாம். அல்லது தோற்றவர் கொஞ்ச காலம் அடங்கி இருந்திருக்கலாம். தோற்ற வீட்டிலிருந்து காவியம் எதுவும் வரவில்லை. அவர்கள் பக்கத்தில் பேசுவதற்கு இருப்பவை கோயில் சுவர்களில் உள்ள தானக் கணக்குகள் மட்டுமே. இத்தனை குழி நிலம், இத்தனை விளக்கு, இத்தனையாவது ஆண்டு.

ஏன் 40 ஆண்டுக்கு மேல் தாங்கவில்லை? வீரம் குறைவு என்பது காரணமில்லை. இந்த அரசு பிறந்ததே மேலே யாரும் இல்லாத ஓர் இடைவெளியில். குதிரைப் படையும் பின்னால் ஒரு பெரிய நாட்டின் வருமானமும் உள்ள ஒருவர் மலை இறங்கி வந்தபோது, ஏரிப் பாசன ஊர்களின் வரியை மட்டும் நம்பிய அரசு எதைக் கொண்டு நின்றிருக்கும்? சோழர் காலத்துச் சம்புவராயர்களைப் போல ஒப்பந்தம் போட்டுக்கொள்ளக்கூட அக்கம்பக்கத்தில் அப்போது ஆள் இல்லை. அதியமான் இல்லை, காடவன் இல்லை, வல்லாளனும் இல்லை.

வம்சம் போனாலும் ஊர்ப்பெயர் உடனே போகவில்லை. விஜயநகரத்தார் இந்தப் பகுதியைத் தங்கள் மாகாணமாக்கியபோதும் ‘படைவீட்டு ராஜ்யம்’ என்றே அழைத்தார்கள். கம்பணன் பிடித்த அதே விரிஞ்சிபுரத்தில், மார்க்கபந்தீசுவரர் கோயிலில் 1425-ஐச் சேர்ந்த தேவராயர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் எல்லோரும் கூடி ஒரு முடிவெடுக்கிறார்கள். இனிமேல் கல்யாணத்தைக் கன்னிகாதானமாகவே நடத்த வேண்டும், பெண்ணுக்குப் பொன் கொடுப்பவரும், அதை வாங்குகிற தகப்பனும் தண்டனைக்கு உரியவர்கள், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள். சம்புவராயர் விழுந்து அறுபது ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் தலைநகரின் பெயரைச் சொல்லித்தான் நான்கு மொழிக்காரர்களும் தங்கள் ஊர் எது என்று அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

இன்று படவேட்டில் அரண்மனை என்று காட்ட எதுவும் நிற்கவில்லை. வேலூரிலிருந்து போளூர் சாலையில் சந்தவாசல் வரை போய் மேற்கே திரும்பினால் வாழைத் தோட்டங்கள், மலை, புதுப்பிக்கப்பட்ட பழைய கோயில்கள். வில் இல்லாமல் யோகத்தில் உட்கார்ந்திருக்கும் ராமர் ஒரு கோயிலில். குடும்பப் பெயரைச் சுமக்கும் அம்மையப்பர் இன்னொன்றில். மேலே வேணுகோபால சுவாமி கோயில் இருக்கும் குன்றை ஊர்க்காரர்கள் கோட்டைமலை என்றுதான் சொல்கிறார்கள்.